உரிமைக்கும் இரசீதா?



ஊரைக் கூட்டி விருந்துக்கு அழைத்தவர் ஒருவர். இலை போட்டுப் பரிமாறியவர் வேறொருவர். உண்டவர்கள் கையலம்பி எழுந்ததும், அரிசிக்கும் பருப்புக்கும் காய்கறிக்கும் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு பரிமாறியவர் தலையில்! அழைத்தவரோ, "அழைக்கவே மற்றவர்க்கு மனம் வரவில்லையே, எனக்கு வந்ததல்லவா?" என்று கூறியபடி திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மடித்துக் கொண்டிருக்கிறார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாற்றுத்திறனுடைய குழந்தைகளின் கல்வி அரை நூற்றாண்டுக் காலமாக நடைபெற்றுவரும் வகை இதுதான். அழைத்தவர், வாஷிங்டனில் வீற்றிருக்கும் மத்திய அரசு. பரிமாறுபவர், ஊர்தோறும் உள்ள பள்ளி நிர்வாகம்.

கடல் கடந்த நாட்டுப் பள்ளிக்கூடக் கணக்கு நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். உரிமையைச் சட்டத்தில் எழுதுவது ஒன்று, அதற்குப் பணம் வைப்பது மற்றொன்று. முன்னதைச் செய்து மாலை வாங்கிக்கொண்டு, பின்னதைப் பிறர் தோளில் ஏற்றிவிட்டு நழுவும் வித்தையை இத்தனை தெளிவாகக் காட்டும் வேறு எடுத்துக்காட்டு எனக்கு எளிதில் கிடைக்கவில்லை. மேலிடம் வாக்களிப்பதும் கீழிடம் சுமப்பதும் நம்மவர்க்குப் புரியாத கதையுமன்று.

1975ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், அதிபர் ஜெரால்டு போர்டு ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். அந்நாட்டுக் காங்கிரசு இயற்றிய சட்டம் அது. (காங்கிரசு என்றதும் திடுக்கிட வேண்டாம், அங்கே அது கட்சியின் பெயரன்று, நாடாளுமன்றத்தின் பெயர்!) அன்று அந்த நாடாளுமன்றமே ஒப்புக்கொண்ட கணக்கு என்ன தெரியுமா? நாட்டில் மாற்றுத்திறனுடைய குழந்தைகள் 80 இலட்சத்துக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தக்க கல்வி இல்லை. 10 இலட்சம் பேர் பள்ளி வாயிலுக்குள்ளேயே சேர்க்கப்படவில்லை. சந்திரனுக்கு ஆளனுப்பி, மண்ணெடுத்து வந்த நாட்டின் நிலை ஐயா இது! காது கேளாத பிள்ளைக்குக் கதவடைப்பு. கால் நடவாத பிள்ளைக்குக் கதவடைப்பு. பேச்சு வராத பிள்ளைக்கு "வீட்டிலேயே இரு" என்ற விடை.

புதிய சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசமான, தக்க பொதுக் கல்வி தரவேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் கூடியிருந்து பிள்ளைக்கெனத் தனித் திட்டம் ஒன்று எழுதவேண்டும். பேச்சுப் பயிற்சியா, இயன்முறை மருத்துவமா, செவிலியர் துணையா, எது தேவையென்று அத்திட்டம் கூறுகிறதோ அதைப் பள்ளி தந்தே தீரவேண்டும். நல்ல சட்டம், நாம் கைதட்டி வரவேற்கத்தக்க சட்டம். ஆனால் கையொப்பமிட்ட போர்டே, இந்தச் சட்டம் மத்திய அரசால் தர இயலாத அளவுக்கு வாக்களிக்கிறது என்று அறிக்கை விடுத்தார். தாலி கட்டும்போதே தள்ளி நின்ற மாப்பிள்ளை!

அவர் சொன்னது பலித்தது. பலிக்கும்படி அவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாணவனுக்கு நாட்டளவில் ஆகும் சராசரிச் செலவில் 40 விழுக்காட்டை, இத்தகைய பிள்ளை ஒவ்வொருவருக்கும் மத்திய அரசு தரலாம் என்று சட்டம் வரம்பு வகுத்தது. 1982க்குள் படிப்படியாக அந்த அளவை எட்டவேண்டும் என்பது ஏற்பாடு. 1982 வந்தது, போயிற்று. அதிபர்கள் வந்தனர், போயினர். 40 விழுக்காடு ஒருபோதும் வரவில்லை. அண்மை ஆண்டுகளில் அது 15 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 2022-23ஆம் பள்ளி ஆண்டில் இந்தச் சட்டத்தின்கீழ்ச் சேவை பெற்ற பிள்ளைகளோ ஏறத்தாழ 75 இலட்சம் பேர்!

பணம் வரவில்லையென்று பள்ளி கைவிரிக்கலாமா? முடியாது. நீதிமன்றம் நிற்கிறது வாயிலில். 1984இல் டெக்சாசு மாநிலத்து வழக்கு ஒன்று உச்சநீதிமன்றம் வரை சென்றது. முதுகுத் தண்டில் பிறவிக் குறையுள்ள ஒரு சிறுமிக்குச் சில மணி நேரத்துக்கொரு முறை குழாய் செருகிச் சிறுநீர் வெளியேற்ற வேண்டும். அது மருத்துவர் வேலை, பள்ளியின் வேலையன்று என்று வாதிட்டது பள்ளி நிர்வாகம். செவிலியரோ பழகியவரோ சில நிமிடங்களில் செய்யக்கூடிய பணி அது; அதனைச் செய்யாவிடில் பிள்ளை வகுப்பில் அமரவே முடியாது; ஆகவே பள்ளியின் கடமையே என்று தீர்ப்பாயிற்று. 1999இல் அயோவா மாநிலத்துச் சீடர் ராப்பிட்சு நகரத்து வழக்கு. விபத்தொன்றில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த சிறுவன், மூச்சே கருவியால்தான். பள்ளி நேரம் முழுதும் ஓர் ஆள் அருகிருந்து காக்கவேண்டும். செலவு தாங்காது என்றது நிர்வாகம். செலவு அளவுகோலன்று என்றனர் நீதிபதிகள், 7 பேர் ஒருபுறமும் 2 பேர் மறுபுறமுமாக. சரியான தீர்ப்புத்தான். செலவு ஏறியது என்பதற்காக ஒரு சிறுவன் வீட்டில் முடங்க வேண்டும் என்று எவர் சொல்வார்? ஆனால் தீர்ப்பளித்த மன்றம் காசோலை அளிப்பதில்லை.

எனவே, பள்ளிகள் வேறு பணப்பெட்டி ஒன்றைத் தேடின. அதுதான் மெடிக்கெய்டு.

மெடிக்கெய்டு என்பது ஏழைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான பொது மருத்துவக் காப்பீடு. 1965இல் லிண்டன் சான்சன் காலத்தில் பிறந்தது. மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும். நியூயார்க்கு போன்ற செல்வ மாநிலத்துக்கு மத்தியப் பங்கு பாதி. மிசிசிப்பி போன்ற ஏழை மாநிலத்துக்கு முக்கால் பங்குக்கும் மேல். அந்நாட்டுக் குழந்தைகளில் பத்தில் நான்கு பேருக்குக் குறையாமல் இந்தக் குடையின்கீழோ இதன் தம்பியான குழந்தைகள் காப்பீட்டின்கீழோ இருக்கின்றனர். ஆகவே பள்ளிகள் கேட்டன: "இந்தப் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி மருத்துவமனையில் தந்தால் நீ பணம் தருகிறாய், அதே பயிற்சியைப் பள்ளியில் தந்தால் ஏன் தரமாட்டாய்?" காப்பீட்டுத் துறையின் விடை: "அது கல்வித் திட்டத்தில் எழுதப்பட்டுள்ளது, ஆகவே கல்வி, ஆகவே என் செலவன்று." கல்வித் துறைக்கோ அது மருத்துவம்; மருத்துவத் துறைக்கோ அது கல்வி. இரண்டு துறைகளுக்கும் சொந்தமான பிள்ளை, இரண்டு வாயிலிலும் நின்று திரும்பியது.

1988இல் அதற்கொரு முடிவு வந்தது. வந்த விதம் வேடிக்கையானது. முதியோர் மருத்துவச் செலவு பற்றிய பெரியதொரு சட்டம் அவ்வாண்டு நிறைவேறியது. அதன் மூலையில் சிறு விதி ஒன்று: பிள்ளையின் தனிக் கல்வித் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்ற காரணத்துக்காகவே ஒரு சேவைக்கு மெடிக்கெய்டு பணம் தர மறுக்கக்கூடாது. முதியோர் கிளர்ந்தெழுந்ததால், அந்தப் பெரிய சட்டத்தின் பெரும்பகுதி மறு ஆண்டே நீக்கப்பட்டது. மாளிகை இடிந்தது, மூலையிலிருந்த மாடப்பிறை மட்டும் தப்பியது. அந்த மாடத்தில் வைத்த விளக்கின் ஒளியில்தான் இன்றுவரை அமெரிக்கப் பள்ளிகள் பணம் எண்ணிக் கொண்டிருக்கின்றன.

இனிக் கவனியுங்கள், பணம் எப்படி வருகிறது என்பதை. மானியமாக முன்கூட்டி வருவதில்லை. பள்ளி முதலில் தன் பணத்தைச் செலவழிக்க வேண்டும். பின்னர் அதில் ஒரு பங்கை மீட்கவேண்டும். மீட்பதற்குப் படிகள் பல. முதலில், பெற்றோரின் எழுத்து மூலமான ஒப்புதல். பிள்ளைக்குக் காப்பீடு இருக்கவேண்டும். சேவை தந்தவர் மாநில விதிப்படி தகுதி பெற்றவராக இருக்கவேண்டும். மருத்துவரின் அல்லது உரிமம் பெற்ற வல்லுநரின் பரிந்துரைச் சீட்டு வேண்டிய இடத்தில் அது இருக்கவேண்டும். எந்நாள், எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா, பிள்ளை என்ன செய்தது என்று ஒவ்வொரு அமர்வுக்கும் குறிப்பு எழுதவேண்டும். சிறப்புப் பேருந்தில் பிள்ளை வந்ததா? அந்தப் பயணத்துக்கும் பணம் கேட்கலாம். ஆனால் மருத்துவச் சேவை பெற்ற நாளுக்கு மட்டும்! பயிற்சியாளர் காய்ச்சலில் படுத்த நாளில் பேருந்து வந்ததே, எரிபொருள் எரிந்ததே என்றால், அது வேறு கணக்கு.

இதனினும் விந்தை ஒன்று உண்டு. பல மாநிலங்களில், ஊழியரின் நேரத்தில் எவ்வளவு மருத்துவப் பணி, எவ்வளவு கல்விப் பணி என்று பிரித்தறிய, தற்செயலாக நொடிகளைத் தெரிந்தெடுக்கும் கணிப்பு நடக்கிறது. பேச்சுப் பயிற்சியாளருக்குத் திடீரெனக் கணினியில் கேள்வி வரும்: "செவ்வாய்க்கிழமை காலை 10 மணி 17 நிமிடத்துக்கு நீர் என்ன செய்துகொண்டிருந்தீர்? யாருடன்? எதற்காக?" பிள்ளைக்கு "அம்மா" என்ற சொல்லை உச்சரிக்கக் கற்றுக்கொடுத்தேன் என்றால் மருத்துவம். அந்தப் பிள்ளைக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தேன் என்றால் கல்வி. அழுத பிள்ளையைத் தேற்றினேன் என்றால் எந்தக் கட்டத்தில் போடுவது என்று குறியீட்டாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசிப்பார். உரிய காலத்துக்குள் விடை தராவிட்டால் அந்த நொடி பயனின்றிப் போகும். இத்தகைய ஆயிரக்கணக்கான நொடிகளைக் கூட்டி ஒரு விழுக்காடு காண்பார்கள்.

அந்த விழுக்காடு என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயிற்சியாளருக்குப் பள்ளி 100 டாலர் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பின்படி மருத்துவப் பணி 40 விழுக்காடு. மிச்சம் 40 டாலர். திட்டமுடைய பிள்ளைகளில் பாதிப் பேருக்கே காப்பீடு. மிச்சம் 20 டாலர். மத்தியப் பங்கு பாதி; மிச்சம் 10 டாலர். அந்தப் பத்து டாலரும் செலவழித்த ஆண்டின் கணக்கு முடிந்து, சரிபார்த்து, ஓராண்டுக்கு மேலும் கடந்து இறுதியாக வந்து சேரலாம். மாநிலத்தின் பங்கு எங்கே என்று கேட்டால், பள்ளி ஏற்கெனவே செலவழித்த பணமே மாநிலத்தின் பங்காகப் பல இடங்களில் எண்ணப்படுகிறது. மாநிலக் கருவூலம் ஒரு செப்புக்காசும் புதிதாக எடுத்து வைக்கவில்லை!

எடுத்து வைக்காததோடு நிற்கவில்லை, எடுத்துக்கொள்ளவும் செய்தது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் ஓர் அறிக்கை தந்தது. வாஷிங்டனிலிருந்து பள்ளிக்கென வந்த பணத்தில் ஒரு பகுதியைப் பல மாநிலங்கள் தாமே நிறுத்திக்கொண்டன. சில மாநிலங்கள் பாதிக்கும் மேல். மீதியில், பட்டியல் தயாரித்துக் கொடுக்கும் ஆலோசனை நிறுவனங்கள் வசூலாகும் தொகையில் இத்தனை விழுக்காடென்று தரகு பெற்றன. முடிவில், 100 டாலர் செலவுக்கு 7.50 டாலர் மட்டுமே பள்ளியின் கைக்கு மிஞ்சக்கூடிய நிலையையும் அவ்வறிக்கை எடுத்துக் காட்டியது. மழை பெய்தது மலைமீது, வாய்க்காலெங்கும் மடை, வயலுக்கு வந்தது ஈரக் கசிவு.

மடையுள்ள இடத்தில் திருட்டும் நுழையும். பேச்சுப் பயிற்சிக்கும் பேருந்துப் பயணத்துக்கும் முறையற்ற பட்டியல் அனுப்பியதாக நியூயார்க்கு மாநிலத்தின்மீதும் நியூயார்க்கு நகரத்தின்மீதும் எழுந்த வழக்கு, 2009இல் 54 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்ளப்பட்டது. மெடிக்கெய்டு வரலாற்றில் அதுவரை அதனினும் பெரிய மீட்பு இல்லை. இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள்: அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டியபோது, பயிற்சி ஒழுங்காகக் கிடைக்காத பிள்ளைக்கு எவரேனும் இழந்த மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா? வழக்கு அரசுக்கும் அரசுக்கும் இடையே! பிள்ளை அதில் ஒரு வரிக் கணக்கு.

இப்படிப்பட்ட செய்திகளைக் கையிலெடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் கிளம்புவதுண்டு. "பார்த்தீர்களா, பள்ளிக்கும் காப்பீட்டுக்கும் என்ன உறவு? வெட்டிவிடுங்கள்" என்பார்கள். 2007 இறுதியில் புசு ஆட்சி அதனையே முயன்றது. பள்ளிகளின் நிர்வாகச் செலவுக்கும் பேருந்துச் செலவுக்கும் இனி மெடிக்கெய்டு பணமில்லையென விதி வகுத்தது. நாடாளுமன்றம் தடுத்து நிறுத்தியது. 2009இல் விதி விலக்கிக்கொள்ளப்பட்டது. எலி புகுந்ததென்று களஞ்சியத்தைக் கொளுத்தும் இந்த யோசனையை நாம் ஏற்பதற்கில்லை. பள்ளிகளுக்குச் செல்வது மெடிக்கெய்டின் மொத்தச் செலவில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டிய தொகைதான். அத்தொகையில்தான் செவிலியர் சம்பளமும், பேச்சுப் பயிற்சியாளர் சம்பளமும், சக்கர நாற்காலி ஏற்றும் பேருந்தும் அடங்கியிருக்கின்றன. ஆகவே பள்ளிகள் பட்டியல் அனுப்பட்டும். உரிய ஒவ்வொரு டாலரையும் கேட்டு வாங்கட்டும். குறிப்பு எழுத நேரமில்லை, கணக்கர் வைக்கப் பணமில்லை என்று சிற்றூர்ப் பள்ளிகள் பல கேட்காமலே விட்டுவிடுகின்றன. அதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். நகரத்துப் பெரிய நிர்வாகம் தனி அலுவலகமே வைத்து வசூலிக்கும். மலையோரத்து நூறு பிள்ளைப் பள்ளியில் தலைமையாசிரியரே கணக்கர், அவரே பேருந்துக்கு ஆள் தேடுபவர்.

வழி சற்று எளிதானதும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. மற்றவர்க்கு இலவசமாகத் தரும் சேவைக்குக் காப்பீட்டிடம் பணம் கேட்கக்கூடாதென்று 1997 முதல் நிலவிய கட்டுப்பாட்டை 2014 திசம்பரில் மத்திய அரசே நீக்கியது; சிறப்புக் கல்வி பெறாத, காப்பீடுள்ள பிள்ளைகளுக்கும் அதனால் வழி பிறந்தது. பிள்ளையின் காப்பீட்டைப் பயன்படுத்தப் பெற்றோரிடம் மீண்டும் மீண்டும் ஒப்புதல் வாங்கும் தொல்லை 2013இல் குறைந்து, ஒருமுறை வாங்கினால் போதுமென்றாயிற்று. 2022இல் வந்த சட்டமொன்று மாநிலங்களுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. 2023 மே மாதத்தில் புதிய வழிகாட்டி நூலும் வெளியாயிற்று. எழுத்து வேலையைக் குறைக்கலாம் என்கிறது அந்நூல். குறைத்தால் நல்லது.

ஆனால் ஒரு கை தருவதை மறு கை பறிக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் எவரையும் காப்பீட்டிலிருந்து நீக்கக்கூடாதென்றிருந்த ஏற்பாடு 2023இல் முடிவுற்றதும், பல இலட்சம் குழந்தைகளின் பெயர்கள் பட்டியலிலிருந்து அடிபட்டன. தகுதியிழந்து நீங்கியவர் சிலர். படிவம் திரும்பி வரவில்லையென்ற குற்றத்துக்காக நீக்கப்பட்டவர் பலர். முன்பு போட்ட கணக்கை நினைவு கூருங்கள்: காப்பீடுள்ள பிள்ளைகளின் பங்கு பாதியிலிருந்து கால்பங்கானால், பத்து டாலர் ஐந்து டாலராகும். பயிற்சியாளர் அதே ஆள். பிள்ளை அதே பிள்ளை. சம்பளம் அதே 100 டாலர்.

அதன் பின்னர் 2025 சூலை 4ஆம் நாள், விடுதலைத் திருநாளன்றே, அதிபர் டிரம்ப்பு கையொப்பமிட்ட சட்டம் வந்தது. மெடிக்கெய்டுக்கான மத்தியச் செலவு பத்தாண்டுகளில் 90,000 கோடி டாலருக்கும் மேல் குறையும் என்று நாடாளுமன்றத்தின் வரவு செலவு அலுவலகம் மதிப்பிட்டது. "குழந்தைகளை நாங்கள் தொடவில்லை, உழைக்கும் வயதினர் மாதம் 80 மணி நேரம் உழைத்ததற்குச் சான்று காட்ட வேண்டுமென்றுதான் சொல்கிறோம்" என்கிறார்கள் சட்டத்தை ஆதரிப்போர். சொல் சரி, கணக்கு? மத்தியப் பணம் சுருங்கினால் மாநிலம் எதை வெட்டும்? மருத்துவமனையையா, முதியோர் இல்லத்தையா, பள்ளிக்குத் தரும் பங்கையா? பள்ளியில் தரும் சேவைக்கு எவ்வளவு, எந்தெந்தச் சேவைக்கு என்று வகுக்கும் அதிகாரத்தில் பெரும்பகுதி மாநிலத்தின் கையில். வெட்டுக்கத்தி எங்கே இறங்கினாலும் எதிர்த்துக் கூச்சலிட ஆளுண்டு. பேச்சு வராத பிள்ளைக்காகக் கூச்சலிடுவோர் எத்தனை பேர்?

காப்பீட்டுப் பணம் குறையலாம், கடமை குறைவதில்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே நிற்கிறது. 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பும் நிற்கிறது. ஆகவே பள்ளி வேறிடத்தில் கைவைக்கும். அந்நாட்டுப் பள்ளிகளின் உள்ளூர் வருவாய் பெரும்பாலும் வீட்டுவரியும் நிலவரியுமே. செல்வர் வாழும் ஊரில் வரியைச் சற்றுயர்த்தினால் செவிலியர் சம்பளம் வந்துவிடும். வறியவர் வாழும் ஊரில், காப்பீடு பெறும் பிள்ளைகள் மிகுந்த அதே ஊரில், உயர்த்துவதற்கு வரியில்லை. அங்கே இசையாசிரியர் போவார், நூலகர் போவார், வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். பிறகு பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "அந்த ஒரு பிள்ளைக்காக என் மகளின் இசை வகுப்பை எடுத்துவிட்டீர்களே!" என்று கேட்பாள். அந்தப் பிள்ளையின் தாயும் அதே மண்டபத்தில், இரண்டு வரிசை தள்ளி, தலை குனிந்து அமர்ந்திருப்பாள். சினத்துக்கு உரியவர் அங்கே இல்லை. அவர் 40 விழுக்காட்டை ஏட்டில் எழுதி வைத்துவிட்டு வாஷிங்டனில் இருக்கிறார்.

அந்த 40 விழுக்காட்டை ஆண்டுக்காண்டு உயர்த்தி முழுமையாகக் கொடுத்துவிட வேண்டுமென்ற மசோதா, அந்நாட்டு நாடாளுமன்றத்தில் பலமுறை கொண்டுவரப்பட்டிருக்கிறது. இரு கட்சியிலும் அதற்கு ஆதரவாகப் பேசியவர்கள் உண்டு. ஒருமுறையும் அது சட்டமாகவில்லை.